தவளை நின்ற இடம்

வேலை முடிந்து வந்தால் கண்ணாடிக்காரர் நேராக வீட்டுக்குள் போகமாட்டார். வாசலுக்கு எதிரே தெருவோரமாக நிற்கும் பச்சைக் காரிடம் முதலில் போவார். சட்டைப்பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து உதறுவார். காரின் பக்கக் கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோய், வாயை வட்டமாகத் திறந்து ஆவி ஊதுவார். கண்ணாடி பனித்ததும் நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கி வட்டம் வட்டமாகத் துடைப்பார். பிறகு அதை உள்பக்கமாக மடிப்பார். டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திறந்து மறுபடி மடிப்பார். அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவின் பிடியையும் இழுத்துப் பார்ப்பார். பூட்டித்தான் இருக்கும். சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது, வேறு யாரும் தொடுவதில்லை, அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் இழுத்துப் பார்ப்பார். கடைசியில் வண்டியின் கூரைமேல் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"என்ன, ஜுரம் அடிக்குதா?" என்று மாடி ஜன்னலிலிருந்து அவர் மனைவி கேட்பாள்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப உள்ள வாங்க. இங்கயும் ஒருத்தி இருக்கா. காப்பகத்துல நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைங்களத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. அவளுக்கும் ஜுரம் இருக்கான்னு தொட்டுப் பாக்க ஆள் இல்ல."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கார் மகனுடையது. மகன் வீட்டில் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. முன்னால் கண்ணைச் சோதித்து எழுதித் தருவதைப் பின்னால் இவர் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி அனுப்புவார். வந்தவர்கள் போட்டுப் பார்த்துவிட்டு "ஆகா, சுவர்ல இருக்கற பல்லிகூடத் தெரியுதே" என்பது திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதுதான் அவருக்குக் கிடைக்கிற கைதட்டல். அவருடைய வலது கண்ணோ பிறவியிலேயே மங்கல். எந்த லென்ஸுக்கும் மசியாத மங்கல். இளவயதில் பஸ் ஓட்ட ஆசைப்பட்டு உரிமம் வாங்கப் போனார். ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள். நல்ல கண்ணை மூடியதும் எதிரே இருந்த எழுத்தெல்லாம் சேறாகக் குழம்பிவிட்டது. எழுந்து வந்துவிட்டார். மனைவியைத் தவிர யாருக்கும் இது தெரியாது. மகனுக்கும் தெரியாது.

மகன் படிப்பை முடித்ததும் தன்னுடனேயே கடைக்கு அழைத்துப்போனார். அவனும், அப்பா தேய்த்துக் கொடுத்த மூக்குக்கண்ணாடியோடு, பக்கத்து மேசையில் உட்கார்ந்து சில மாதம் லென்ஸ் தேய்த்தான். ஒருநாள் மதியம் மெஷினை நிறுத்திவிட்டு, "அப்பா, இந்த ரூம்ல ஜன்னலே இல்ல" என்றான். அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். ஆமாம், இல்லை. இத்தனை வருஷத்தில் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு பழைய பச்சைக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். வாடகைக்கு ஓட்டப் போகிறானாம். முன்விளக்குகள் இரண்டும் துருத்திக்கொண்டு நின்றதால், தெரு அன்றைக்கே அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டது.

"ஏறுங்கப்பா. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"எனக்கு பஸ் இருக்கு."

அம்மா ஏறிக்கொண்டாள். தலையெல்லாம் கலைந்து, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். அவர் அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து, படித்த செய்தித்தாளையே மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன உரசல்கள். டிரைவர் வேலையெல்லாம் ஒரு வேலையா, படித்த படிப்பு என்ன ஆவது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவர் சொன்னதெல்லாம் வெளிப்பேச்சு. உள்ளே என்ன எரிந்தது என்று அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் அவன் அவசர சவாரி என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தபோது அவர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்.

"இந்த ஓட்டை வண்டிய நாளைக்கே பழைய இரும்புக்கு எடைபோட்டு வித்துடறேனா இல்லையா பாரு! செய்யலன்னா என் பேர மாத்திக்கறேன்!"

அவன் ஒன்றும் கத்தவில்லை. கையைக் கழுவினான். சாவியை எடுத்து மேசைமேல், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "வித்துக்கோங்க" என்றான். மாடிக்குப் போய் ஒரு பையோடு இறங்கி வந்தான். அம்மா கையைப் பிடித்தாள், மெதுவாக விடுவித்துக்கொண்டான். நாளைக்குக் கோபம் தணிந்து வந்துவிடுவான் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். மறுநாள் அவன் போன் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் அந்த எண்ணே இல்லை என்று சொன்னது.

அவன் சிநேகிதன் ஒருவன் தெருமுனையில் மெக்கானிக். இவரை அவனும் அப்பா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேறு ஊருக்குப் போயிருக்கலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னான். அவ்வளவுதான் தகவல்.

கண்ணாடிக்காரர் வண்டியை விற்கவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தால்கூட எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவார். மகன் ஒருநாள் வருவான். வந்து பார்க்கும்போது வண்டி இருக்க வேண்டும். இருந்தால் போதும், அப்பா சொன்னது வெறும் வாய்ச்சொல் என்று அவனுக்குப் புரிந்துவிடும். அதை வேறு எப்படியும் அவனிடம் கொண்டுசேர்க்க அவருக்கு வழி இல்லை.

அந்தத் தெருவில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வண்டி வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் நகராட்சி ஆட்கள் ஒரு மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போவார்கள். அப்புறமும் அசையாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தவளை மேல் மஞ்சள் தாளைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெக்கானிக் வந்து சாவியைக் கேட்டான்.

"ரெண்டு நிமிஷ வேலைப்பா. எடுத்து நகத்தி வெச்சிடறேன்."

"வேணாம். அவன்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

"நான் என்ன வண்டியத் தின்னுடவா போறேன்?"

"வேணாம்னா வேணாம்ப்பா. காத்து மட்டும் அடிச்சுக் குடு."

அதனால் தள்ளினார்கள். வாரம் ஒரு முறை, விடுமுறை நாள் காலையில். அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வாள். அவர் பின்னாலிருந்து தள்ளுவார். மகன் நெடுநெடுவென்று வளர்ந்தவன். அவன் உட்கார்ந்த சீட் பின்னால் தள்ளியிருந்தது. குள்ளமான அவளுக்குப் பிரேக் எட்டாது. ஆனால் சீட்டை முன்னால் இழுக்க அவர் விடவில்லை, அவன் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்றார். அவள் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை முட்டுக்கொடுத்து, கப்பலில் போகிற மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"பிரேக்க மிதி! மிதி!"

"எது பிரேக்கு? இங்க மூணு இருக்கே!"

"நடுவுல இருக்கறது!"

"அத முட்டறதுக்கு முன்னாடி சொன்னா ஆகாதா!"

ஒரு வாரம் முன்னால் ஒரு வண்டி நீளம். அடுத்த வாரம் பின்னால் ஒரு வண்டி நீளம். வாசலை விட்டு விலகக் கூடாது என்பது அவர் கணக்கு. தெரு முழுக்க ஜன்னலுக்கு வந்துவிடும். "என்னங்க, மைலேஜ் எப்படிக் குடுக்குது?" என்று ஒருவர் கேட்பார். "ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரு வண்டி நீளம்" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கிறவர்களில் யாராவது ஒருவர் எப்போதும் இறங்கி வந்து ஒரு கை கொடுப்பார். எதற்காகத் தள்ளுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

முதலில் பக்கக் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். அவர் கடையில் ஒரு துண்டுக் கண்ணாடியை அளவாக வெட்டி, ஓரம் தேய்த்து, ஒட்டிவிட்டார். மெக்கானிக் அதில் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல பாத்தா பின்னால வர்றவன் என் மடியில உக்காந்திருக்கான்" என்றான். அது போகட்டும். அடுத்த முறை கதவுக் கண்ணாடியையே நொறுக்கிவிட்டு, உள்ளே ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரேடியோ இருந்த இடத்தில் ஒயர்கள் குடல் மாதிரி தொங்கின. மகன் சீட் முழுக்கக் கண்ணாடித் தூள். அவரும் அவளும் இரண்டு பக்கமும் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கினார்கள். சீட்டுக்கு அடியில் அவன் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் பாட்டில் கிடந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, உருண்டு போகாமல் துணி சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அடுத்த தடவ வண்டியவே தூக்கிடுவானுங்கப்பா" என்றான் மெக்கானிக்.

அன்றைக்குத்தான் அவர் முடிவு செய்தார். வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகளில் ஒன்று அவர்களுடையது. முன்னால் தெரு, பின்னால் சின்னக் கொல்லை. துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, அப்புறம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் குப்பை வண்டி போகிற சந்து. மதிலை இடித்து, கொல்லையைத் தளம் போட்டு, மேலே தகரக் கூரை, சந்துப் பக்கம் இரும்புக் கேட், கேட்டுக்குப் பூட்டு. தவளையை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டால் எந்தத் திருடன், எந்த மஞ்சள் தாள்?

அவள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "உள்ள கொண்டுபோய்ப் பூட்டி வெச்சுட்டா, வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"வண்டி இருக்குன்னு."

"வந்தா கதவத் தட்டமாட்டானா? தட்டினா நீ சொல்லமாட்டியா?"

அவள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"ஏம்மா, நல்லா யோசிச்சுப் பாரு. வெளிய நின்னா ஒருநாள் காணாமப் போயிடும். அதுக்கப்புறம் அவன் வந்தான்னா? நான்தான் வித்துட்டேன்னு நெனப்பான். திருட்டுப் போச்சுடான்னு நான் சொன்னா நம்புவானா?"

அவள் கடைசித் துணியையும் பிழிந்து போட்டாள். கொஞ்சம் கழித்து, "வாசல்ல ஒரு போர்டாவது மாட்டுவோங்க. வண்டி பின்னால இருக்குன்னு எழுதி" என்றாள்.

"திருடனுக்கு வழி சொல்லிக் குடுக்கறியா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அனுமதிக்கு நடையாய் நடந்து, ஒரு வழியாகக் கொத்தனார் வந்தார். கண்ணாடிக்காரர் அதற்குள் தவளையை அளந்து வைத்திருந்தார். முகத்துக்கு ஃபிரேம் அளவெடுக்கிற அதே சிரத்தையோடு நீளம், அகலம், உயரம், கதவைத் திறந்து வைத்தால் எவ்வளவு, பின்மூடியைத் தூக்கினால் எவ்வளவு என்று எல்லாமே.

"வண்டி ஓட்டுற ஆள் யாரு சார்? அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா நல்லது" என்றார் கொத்தனார்.

"ஊர்ல இல்ல."

"அப்ப உங்க அளவுதானா?"

"என் அளவுதான். ஒரு நூல் பிசகாது."

மதில் விழுந்தது. துவைக்கும் கல் சமையலறைச் சுவரோரமாக ஒண்டிக்கொண்டது. "இனிமே துணிய எங்க தொவைக்கறது, உங்க தலையிலயா?" என்று அவள் முணுமுணுத்தாலும், கொத்தனாருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று பார்ப்பாள். தளம் காய்கிறவரை அவர் அதில் யாரையும் கால் வைக்க விடவில்லை. செங்கல் தூண்கள் எழும்பின. கேட்டைப் பொருத்தியதும் பூட்டைப் போட்டு, திறந்து, போட்டு, இழுத்துப் பார்த்தார். கொத்தனார் பொறுமையிழந்து, "சார், அது பூட்டு சார். பூட்டும்" என்றார்.

தவளையை உள்ளே கொண்டுபோன நாளில் தெருவே திரண்டுவிட்டது. அவள் தலையணைகளோடு ஏறி உட்கார்ந்தாள். நாலைந்து பேர் தள்ள, தவளை அந்தத் தெருவை விட்டு நகர்ந்தது. முனையில் திரும்பும்போது ஸ்டீயரிங் இரும்பாக இறுகி, அவள் சீட்டிலிருந்து பாதி எழும்பி ஒடித்தாள். "கப்பலத் திருப்பறாங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். சந்துக்குள் நுழைந்தாயிற்று. கேட் விரியத் திறந்திருந்தது. மூக்கை உள்ளே திருப்பினார்கள்.

பாதியில் நின்றுவிட்டது. முன்பக்கம் தூணில் இடிக்கிறது. பின்பக்கம் எதிர்ச் சுவரில் இடிக்கிறது. பின்னால் இழுத்து, ஒடித்து, மறுபடி தள்ளினார்கள். அதே இடம். எலும்பு சிக்கிய தொண்டை மாதிரி சந்து அடைத்துக்கொண்டது. மெக்கானிக் முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் சிரித்தான். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா," என்றான் மெதுவாக, "வண்டி நிக்கறதுக்கு இடம் அளந்திருக்கீங்க. திரும்பறதுக்கு அளக்கலையே."

திரும்பும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. வாடகை வண்டியாகத் தவளை எந்தெந்தத் தெருவில் திரும்பியதோ, அதை அவர் பார்த்ததில்லை, ஒருநாளும் ஏறியதில்லை. அவர் கைக்குத் தெரிந்த தவளை முன்னால் ஒரு வண்டி நீளம் போகும், பின்னால் ஒரு வண்டி நீளம் வரும். அவ்வளவுதான்.

மெக்கானிக் ஓடிப்போய்ச் சக்கரம் வைத்த ஜாக்கியைக் கொண்டுவந்தான். பின்பக்கத்தைத் தூக்கி, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, கட்டிலை நகர்த்துவது போலப் பக்கவாட்டில் நகர்த்தி, மறுபடி தள்ளி, மறுபடி தூக்கி, எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டார்கள். நின்ற பிறகு பார்த்தால், அவர் சொன்னது சரிதான். ஒரு நூல் பிசகவில்லை.

"உள்ள போயிடுச்சு" என்றான் மெக்கானிக், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஆனா ஓட்டிக்கிட்டு வெளிய வரணும்னா, இந்தத் தூண இடிச்சாத்தான் உண்டு."

"அவன் வரட்டும். தூண் என்ன தூண், வீட்டையே இடிச்சுத் தரேன்."

அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். தெருவில் தவளை நின்ற இடத்தை மறுநாளே ஒரு வெள்ளை வேன் பிடித்துக்கொண்டது. எதிர்ச் சாரியில் காலியாகக் கிடந்த கடையை ஒரு புதிய இஸ்திரிக்காரர் எடுத்தார். தெரு தன் பாட்டுக்குப் போயிற்று. வேலை முடிந்து வருகிறவர் இப்போது நேராக வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார். பூட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். ஒருநாள் வெகுநேரம் வராததால் எட்டிப் பார்த்தாள். அவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற சீட்டில் இல்லை, பக்கத்து சீட்டில்.

"என்னங்க இது?"

"சும்மாதான்." கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். எதிரே ஒரு முழம் தள்ளிச் சமையலறைச் சுவர். "நல்லா உயரமாத்தான் இருக்கு, இல்ல? ரோடு நல்லாத் தெரியும் போல."

அவள் அடுத்த பக்கமாகப் போய், தலையணை இல்லாமலே, மகன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் படாமல் தொங்கியது. இருவரும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் கூப்பிட்ட அன்னைக்கு ஏறியிருக்கலாம்" என்றார்.

"ஏறியிருக்கலாம்" என்றாள் அவள். குத்திக் காட்டவில்லை. அப்படியே திருப்பிச் சொன்னாள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. மழைக்காலம் வந்து போனது. தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது உள்ளே ரேடியோ ஒயர்கள் தொங்க, இரண்டு பேரும் எங்கோ நெடும்பயணம் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடவில்லை. அவள் சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"உடம்பு சரியில்லையா?"

"வண்டிய வெளிய எடுங்க."

"என்னது?"

"எடுத்துப் பழைய இடத்துலயே, வாசல்ல விடுங்க."

"ஏன்? என்ன ஆச்சு இப்ப? துணி காயப்போட இடம் இல்லையா? வேற கொடி கட்டித் தரேன்."

"எனக்குக் கொடி வேணாம். வண்டி வாசல்ல நிக்கணும்."

"உனக்கென்ன பைத்தியமா? இவ்வளவு பாடுபட்டுக் கட்டினது எதுக்கு? தூண இடிக்கணும்டி!"

"இடிங்க."

"அவன் வந்தா இடிக்கறேன்னுதானே சொன்னேன்? அவன் வந்தானா?"

அவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பார்த்தாள். "வரலதான்" என்றாள்.

அதன்பின் வாரக்கணக்கில் வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வைப்பாள், எடுப்பாள். எப்போதும் வாயாடுகிறவள் மௌனமானால் வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து ஜுரம் விசாரிக்கிற குரலும் இல்லை. அந்த ஜன்னலில் நின்று அவள் தெருவையே, அந்த வெள்ளை வேனையே வெறித்துக்கொண்டிருப்பாள். என்னவென்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பாள்.

பிறகு ஒருநாள், தெருவில் திரும்பும்போதே டம் டம் என்று சத்தம் கேட்டது. உள்ளே ஓடினார். கொல்லையில் அவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கடப்பாரையால் தூணைக் குத்திக்கொண்டிருந்தாள். யாரிடம் இரவல் வாங்கினாளோ. அவ்வளவு குத்துக்கும் கொஞ்சம் சிமெண்டுப் பூச்சுதான் பெயர்ந்திருந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம். அழுகை இல்லை, ஆத்திரம் இல்லை. பாத்திரம் தேய்க்கிற முகத்தோடு குத்திக்கொண்டிருந்தாள்.

அவர் போய்க் கடப்பாரையை வாங்கினார். தூக்கிப் போடத்தான் வாங்கினார். அவள் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் விட்ட இடத்திலேயே குத்த ஆரம்பித்தார்.

மீதியை இடிக்கக் கொத்தனாரே வந்தார். "கட்டும்போதும் காசு, இடிக்கும்போதும் காசு. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார் எனக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. வெள்ளை வேன்காரரிடம் அவளே போய்ப் பேசி இடம் விடச் சொன்னாள். அது போனதும் வேறு வண்டி நுழைந்துவிடாமல் வாளியும் முக்காலியும் போட்டு, காவலுக்கு நின்றாள். ஓரடி முன்னே நின்றாலும் ஆகாது, பழைய இடமேதான் என்றாள். தவளை சந்திலிருந்து வெளியே வந்து, முனை திரும்பி, வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"என்ன கண்ணாடிக்காரரே, தவளைக்குக் கிணறு பிடிக்கலையா?" என்று ஒருவர் கேட்டார்.

"தவளைக்குப் பிடிச்சுது. வீட்டம்மாவுக்குத்தான் பிடிக்கல" என்றார் அவர். "தள்ளித் தள்ளிப் பழகிட்டா. தள்ளாம இருக்க முடியல போல."

அப்படித்தான் அவர் நம்பினார். மறுபடி வாரம் ஒரு முறை தலையணைகள் இறங்கின. அவருக்கு முன்போல மூச்சு நிற்பதில்லை. நடுவில் ஒருமுறை டிக்கியில் நெற்றியை வைத்து நிற்பார். கதவுக் கண்ணாடியை மறுபடி உடைத்தார்கள். அவர் அட்டை வைத்து ஒட்டினார். "பாத்தியா?" என்றுகூட அவளிடம் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் பக்கக் கண்ணாடியைத் துடைக்கும்போது இப்போது அவளும் படியிறங்கி வந்து பக்கத்தில் நிற்கிறாள். பேச்சு திரும்பிவிட்டது. பழைய கேலியும் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. கொல்லையில் ஒற்றைத் தூணும், எதையும் பூட்டாத அரைக் கேட்டும் நிற்கின்றன. அதில் துணி காய்கிறது.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது தெரியவந்தது அதற்கும் வெகுநாள் கழித்து, எதிர்ச் சாரி இஸ்திரிக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு போகும்போது, மெக்கானிக்கிடம் மட்டும் சொன்ன பிறகுதான். துணி வாங்க வந்த கண்ணாடிக்காரர் மனைவி ஏதோ பேச்சில் பின்னால் பூட்டி வைத்திருக்கும் பச்சைக் காரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இஸ்திரிக்காரரும் வெகுளியாக, தனக்கு நினைவு வந்ததைச் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டு அவள் தேய்த்த துணிகளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். மறுநாள் வந்து, எங்க வீட்டுக்காரர் காதுக்கு மட்டும் இது போகக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்.

இஸ்திரிக்காரர் சொன்னது இதுதான். அவர் கடை போட்ட முதல் வாரம். நெட்டையாக ஒரு பையன், தோளில் பை, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். கடை நிழலில் நின்று, எதிரே நின்ற வெள்ளை வேனை ரொம்ப நேரம் பார்த்தான். "அண்ணே, இங்க ஒரு பச்சைக் கார் நிக்குமே?" என்று கேட்டான். "நான் வந்ததுலேர்ந்து அப்படி எதையும் பாக்கலையே தம்பி. வித்துட்டாங்களோ என்னவோ" என்று இவர் சொன்னார். அவன் "ஓ" என்றான். தெருவைக் கடந்து அந்த வீட்டு வாசலுக்குப் போனான். முதல் படியில் ஒரு காலை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு காலை எடுத்துவிட்டான்.